குச்சி வேர் பிடிப்பது கைராசியால் அல்ல

“அவள் நட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கிறது; நான் நட்டால் பச்சைக் குச்சியும் கருகுகிறது” என்று அலுத்துக்கொள்ளும் இல்லத்தரசிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஒரே செடியிலிருந்து ஒரே நாளில் ஒடித்த இரண்டு மல்லிகைக் குச்சிகளில், ஒரு வீட்டில் நட்டது பிழைத்து மறு வீட்டில் நட்டது பட்டுப்போனால், அதைக் கைராசி என்றே பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில் கைக்கும் ராசிக்கும் இதில் பங்கில்லை. வேர் வருவதற்கு முன் குச்சி காய்ந்துவிடாமலும், அழுகிவிடாமலும் பார்த்துக்கொண்ட வீட்டில் அது பிழைத்தது. மற்ற வீட்டில் இவ்விரண்டில் ஒன்று நடந்துவிட்டது. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால், பத்துக் குச்சி நட்டு ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியாதவர்களும் பாதிக்கு மேல் காப்பாற்ற முடியும்.

குச்சியை விட்டால் வேறு வழியில்லை

விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. குச்சியிலிருந்து வரும் செடியோ தாய்ச் செடியின் ஒரு பகுதியே ஆகும். பூவின் மணம், அடுக்கு, நிறம், காயின் ருசி ஆகிய யாவும் மாறாமல் தொடர்கின்றன.

குண்டுமல்லி சாதாரணமாக விதை பிடிப்பதில்லை. இன்று தோட்டங்களிலும் முற்றங்களிலும் பூக்கும் குண்டுமல்லிச் செடி ஒவ்வொன்றும், முன்பு எங்கோ இருந்த ஒரு செடியின் குச்சியிலிருந்தோ பதியத்திலிருந்தோ வந்ததுதான். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததாகும்.

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதோ, விற்றுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோகும்போதோ, பாட்டி வைத்த கிணற்றடி முல்லையையும் வாசல் செம்பருத்தியையும் பெயர்த்துக்கொண்டு போக முடிவதில்லை. அதே செடி கடையில் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. அந்நிலையில் நான்கு குச்சிகள்தாம் அந்தச் செடியைக் காப்பாற்றும் வழி. எனவே வீடு கைமாறும் வாரத்தில் அவசரமாக ஒடித்துச் செல்லாமல், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே குச்சிகளை வேர்விடச் செய்து கையில் வைத்துக்கொள்வது நல்லது.

துளிர் வேறு, வேர் வேறு

குச்சி நட்டவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவது துளிரைக் கண்டுதான். நட்ட பத்து, பதினைந்து நாட்களில் கணுவிலிருந்து பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கிறது. ‘வேர் பிடித்துவிட்டது’ என்று மகிழ்ந்து குச்சியை வெயிலில் வைக்கின்றனர். சிலர் உரமும் இடுகின்றனர். மூன்றாம் நாள் துளிர் தலை சாய்கிறது. வாரம் முடிவதற்குள் குச்சி கருகுகிறது.

நடந்தது என்ன? குச்சிக்குள் முன்பே சேமித்து வைக்கப்பட்டிருந்த மாவுச்சத்தையும் நீரையும் கொண்டு மொட்டு விரிந்தது. வேருக்கும் அதற்கும் தொடர்பில்லை. குச்சியை வெறும் தண்ணீரில் போட்டு வைத்தாலும் துளிர் வரும். துளிர் விரிய விரிய அதன் இலைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உறிஞ்சித் தருவதற்கு வேர் இல்லை. வெட்டிய முனை வழியாக ஏறும் சொற்ப நீர் போதுவதில்லை. வரவு இல்லாத வீட்டில் செலவு கூடிய கதையாக, குச்சி சேமிப்பைத் தீர்த்துவிட்டு மடிகிறது.

ஆகவே குச்சி நட்ட நாள் முதல் வேர் வரும் நாள் வரை நமக்குள்ள வேலைகள் இரண்டே. ஒன்று, இலை வழியாகப் போகும் நீரைக் குறைப்பது. மற்றொன்று, மண்ணுக்குள் உள்ள அடிமுனை அழுகாமல் காப்பது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். குச்சி வாடுகிறதே என்று மண்ணில் மேலும் மேலும் நீர் ஊற்றினால் அடிமுனை மூச்சு முட்டி அழுகும். வேர் இல்லாத குச்சிக்குத் தேவைப்படுவது தொட்டி நிறைய நீர் அல்ல. தன்னைச் சுற்றிலும் ஈரக் காற்று, அடியில் காற்றோட்டமுள்ள ஈர மணல்.

வேர் எவ்வாறு தோன்றுகிறது

தண்டில் வேர் இல்லை. ஆயினும் வெட்டுப்பட்ட தண்டு புதிதாக வேரை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் உடையது. தளிர் நுனியிலும் இளம் இலைகளிலும் உண்டாகும் ‘ஆக்சின்’ என்னும் வளர்ச்சி ஊக்கி, தண்டின் வழியே கீழ்நோக்கி இறங்குகிறது. வெட்டுவாயில் வழி அடைபட்டதும் அங்கே அது தேங்குகிறது. அதன் தூண்டுதலால் பட்டைக்கும் கட்டைக்கும் இடைப்பட்ட உயிருள்ள திசுக்கள் பிரிந்து பெருகி வேர்முனைகளாக உருவெடுக்கின்றன.

இலைகளிலிருந்து ஏதோ ஒரு பொருள் கீழிறங்கி வேரை உண்டாக்குகிறது என்று ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் சாக்ஸ் 1880ஆம் ஆண்டிலேயே கூறினார். ஹாலந்து நாட்டு அறிஞர் ஃபிரிட்ஸ் வென்ட் 1928இல் ஓட்ஸ் முளைக்குருத்தில் ஆக்சினை வெளிப்படுத்திக் காட்டினார். 1935இல் அமெரிக்காவில் சிம்மர்மேன், வில்காக்ஸன் ஆகிய இருவரும், செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட இண்டோல் பியூட்ரிக் அமிலம் (ஐ.பி.ஏ.) தண்டுகளில் வேர் வருவதைத் தூண்டுவதைக் கண்டறிந்தனர். நாற்றுப் பண்ணைகளில் இன்றளவும் மிகுதியாகப் பயன்படும் வேர் ஊக்கி இதுவே.

இதிலிருந்து வீட்டுத் தோட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, ஊக்கி மேலிருந்து கீழாகவே இறங்குவதால் குச்சியைத் தலைகீழாக நடக்கூடாது. இரண்டாவது, இலைகள் ஊக்கியையும் உணவையும் தருவதால், இளங்குச்சியின் இலைகள் அனைத்தையும் உருவி மொட்டையாக்கி நடுவதும் தவறு. நுனியில் இரண்டு மூன்று இலைகளை விட வேண்டும். அவை பெரிய இலைகளாயின் பாதியாகக் கத்தரித்துவிடலாம். இதனால் நீர்ச் செலவு குறையும், ஊக்கியும் கிடைக்கும். நன்கு முற்றிய கட்டைக் குச்சிகளுக்கு மட்டும் இலை தேவையில்லை. அவற்றின் கட்டையிலேயே போதிய சேமிப்பு உண்டு.

தாய்ச் செடியைத் தேர்ந்தெடுத்தல்

குச்சியோடு குணம் வருவது போலவே நோயும் வரும். மரவள்ளியில் தேமல் நோய் வயலுக்கு வயல் பரவுவதற்கு வெள்ளை ஈ ஒரு காரணம் என்றால், நோயுற்ற செடியிலிருந்து வெட்டிய கரணைகளை நடுவது மற்றொரு காரணம். வீட்டுச் செடிக்கும் இது பொருந்தும். இலையில் தேமலோ சுருட்டையோ உள்ள செடி, மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்தி ஆகியவற்றிலிருந்து குச்சி எடுக்கக்கூடாது. தானமாகக் கிடைக்கிறது என்பதற்காக நோயை வீட்டுக்குள் அழைத்து வர வேண்டாம்.

தாய்ச் செடி நல்ல வெளிச்சத்தில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். குச்சி எடுப்பதற்கு முதல் நாள் மாலை அதற்கு நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும். வாடிய செடியில் எடுத்த குச்சி கடனோடு பிறந்த பிள்ளையைப் போன்றது.

எந்தக் குச்சி, எப்படி வெட்டுவது

தண்டின் முதிர்ச்சியைக் கொண்டு குச்சிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பச்சையாக, நகம் பதியும்படி இருப்பது இளந்தண்டு. பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கி, வளைத்தால் வளைந்து பின் ஒடிவது பாதி முற்றிய தண்டு. பழுப்பேறிக் கட்டையானது முற்றிய தண்டு. மல்லிகை, முல்லை, செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவற்றுக்குப் பாதி முற்றிய தண்டு உகந்தது. திராட்சை, மாதுளை, காகிதப்பூ ஆகியவற்றுக்குப் பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டு ஏற்றது.

குச்சிகளை விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும். கையால் ஒடித்தால் பட்டை நைந்து அழுகலுக்கு வழி உண்டாகும். கூர்மையான கத்தி அல்லது கத்தரியைக் கொதிநீரில் முக்கித் துடைத்தபின் பயன்படுத்துவது நல்லது. குச்சி 15 முதல் 20 செ.மீ. நீளமும் மூன்று அல்லது நான்கு கணுக்களும் உடையதாக இருக்கலாம். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். கணுவை ஒட்டிய பகுதியில் வேர் எளிதாக வரும். அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால், நடும்போது தலைகீழாகிவிடாது.

அடிப்பகுதியில் மண்ணுக்குள் போகும் இலைகளை அகற்றிவிட வேண்டும். பூவும் மொட்டும் இருந்தால் தயங்காமல் கிள்ளிவிட வேண்டும். வேருக்குப் போக வேண்டிய சத்தைப் பூ இழுத்துக்கொள்ளும்.

வெளியூரிலிருந்து குச்சி கொண்டுவருவோர் அதை நனைத்துப் பிழிந்த துணியிலோ ஈரச் செய்தித்தாளிலோ சுற்றி, பையில் இட்டு, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். பேருந்தில் ஜன்னலோரம் காற்றில் ஆடிக்கொண்டே வந்த குச்சி வீடு சேரும்போதே பாதி உயிரை இழந்திருக்கும்.

எருவேண்டாம், மணல் போதும்

நல்ல செடிக்கு நல்ல மண் என்று எண்ணி, தொழு உரமும் வண்டல் மண்ணும் நிரப்பிய தொட்டியில் குச்சியை நடுவது பெருந்தவறு. வேர் இல்லாத குச்சி உரத்தை உண்ண முடியாது. எருவில் வளரும் பூசணங்களோ வெட்டுவாயை உண்டு தீர்க்கும். களிமண் கலந்த மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றைத் தடுக்கும்.

இதற்குத் தங்கச்சிமடமே சாட்சி. ராமநாதபுரம் மாவட்டம், பாம்பன் தீவிலுள்ள இவ்வூரும் சுற்றுப்புறமும் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் வேர்விட்ட குச்சிகள் தமிழகத்தின் மல்லிகைத் தோட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் செல்கின்றன. பெரும் விளைச்சலுக்கு வளமற்றதாகத் தோன்றும் மணல், வேர் பிடிக்கும் பருவத்துக்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

வீட்டில் இரண்டு பங்கு கழுவிய மணலும், ஒரு பங்கு மக்கிய தென்னை நார்க்கழிவும் கலந்து பயன்படுத்தலாம். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். நார்க்கழிவு இல்லையெனில் சலித்த செம்மண் ஒரு பங்கு சேர்க்கலாம். ஆற்று மணல் கிடைக்காத இடங்களில் கல் உடைத்துச் செய்யப்படும் எம்-சாண்ட் மணலைப் பயன்படுத்தலாம். அதிலுள்ள மாவுத்தூள் போகும்வரை கழுவுவது அவசியம். கலவையின் மீது கொதிநீரை ஊற்றி ஆறவிட்டுப் பயன்படுத்தினால் அழுகல் பூசணங்கள் குறையும். தொட்டியின் அடியில் நீர் வடியும் துளைகள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கலவையைக் கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. அதுவே சரியான ஈரம்.

வேர் ஊக்கி தேவையா?

செம்பருத்தி, அரளி, குரோட்டன்ஸ், புதினா, கற்பூரவல்லி போன்றவை ஊக்கி இல்லாமலே வேர்விடும். மல்லிகை, காகிதப்பூ, மாதுளை போன்றவற்றுக்கு ஊக்கி இட்டால் வேர் விரைவாகவும் அதிகமாகவும் வரும்.

வேளாண் இடுபொருள் கடைகளில் ஐ.பி.ஏ. கலந்த வேர் ஊக்கித் தூள் கிடைக்கிறது. வீட்டு உபயோகத்துக்குத் தூளே வசதியானது. தேவையான அளவைத் தனியே ஒரு தாளில் கொட்டிக்கொண்டு, குச்சியின் அடியில் 2 செ.மீ. அளவுக்குத் தொட்டு, மிகுதியைத் தட்டிவிட வேண்டும். டப்பாவுக்குள்ளேயே ஈரக் குச்சியை நுழைத்தால் மீதித் தூள் கெட்டுவிடும். கரைசலாகப் பயன்படுத்துவோர், பாதி முற்றிய குச்சிகளுக்கு 1000 பி.பி.எம். செறிவில், அதாவது ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் ஐ.பி.ஏ. என்ற கணக்கில் தயாரித்து, அடியைச் சில விநாடிகள் மட்டும் முக்கி எடுத்து நடலாம். ஐ.பி.ஏ. நீரில் எளிதில் கரையாது. சம அளவு ஆல்கஹாலும் நீரும் கலந்த கரைசலில் கரைக்க வேண்டும். அளவு கூடினால் பயன் கூடும் என்று எண்ணக்கூடாது. மிகையான ஊக்கி அடிமுனையைக் கருக்கிவிடும்.

தேன், இளநீர், சோற்றுக் கற்றாழைச் சாறு ஆகியவற்றைத் தடவும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. இவை ஐ.பி.ஏ.வுக்கு ஈடாகா. சர்க்கரைச் சத்துள்ள இளநீரை மண்ணில் ஊற்றினால் பூசணம் பெருகவே வாய்ப்பு அதிகம். ஆனால் கட்டைப் போத்துகளின் மேல் வெட்டில் பசுஞ்சாண உருண்டையை அப்பும் பழக்கம் அறிவுக்குப் பொருந்தியது. வெட்டுவாய் காய்ந்து வெடிக்காமல் அது காக்கிறது. சாணத்தை மேல் முனையில்தான் வைக்க வேண்டும். அடி முனையில் அல்ல.

நடவும் மூடாக்கும்

முதலில் ஒரு ஈர்க்கு அல்லது பென்சிலால் மணலில் துளையிட்டுக்கொண்டு, அதற்குள் குச்சியை இறக்க வேண்டும். நேரடியாகக் குத்தினால் பட்டை உரிவதோடு தடவிய ஊக்கியும் வழித்துக்கொண்டு போகும். குறைந்தது ஒரு கணுவாவது, முடிந்தால் இரண்டு கணுக்கள், மணலுக்குள் இருக்க வேண்டும். சுற்றிலும் விரலால் அழுத்தி, பூவாளியால் ஒரு முறை நீர் தெளிக்க வேண்டும்.

அடுத்து மூடாக்கு. நாற்றுப் பண்ணைகளில் பனிப்புகை போல் நீரைத் தெளிக்கும் கூடங்கள் உள்ளன. வீட்டில் அந்த வேலையைப் பழைய தண்ணீர் பாட்டில் செய்துவிடும். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை அறுத்து நீக்கிவிட்டு, குச்சியின் மேல் கவிழ்த்து வைக்கலாம். பல குச்சிகள் இருந்தால் தொட்டியில் மூங்கில் குச்சிகளை வளைத்து ஊன்றி, அவற்றின் மேல் ஒளி புகும் பாலித்தீன் தாளைப் போர்த்தி அடியில் கட்டிவிடலாம். உள்ளே காற்று ஈரமாகவே இருப்பதால் இலை வழியே நீர் இழப்பு மிகக் குறைவு.

மூடாக்கிட்ட தொட்டியில் ஒரு நாழிகை நேரடி வெயில் பட்டாலும் உள்ளே குச்சி வெந்துவிடும். இதை மறக்கக்கூடாது. மரநிழல், வடக்குப் பார்த்த தாழ்வாரம் போன்ற வெளிச்சமுள்ள நிழலே ஏற்றது. இருட்டறையும் ஆகாது. மூடாக்கின் உட்புறத்தில் காலையில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால் நீர் ஊற்ற வேண்டியதில்லை. துளிகள் காணாமல் போனால் மட்டும் சிறிது தெளிக்கலாம். பாட்டில் மூடியைத் தினமும் பத்து நிமிடம் திறந்து காற்று மாற்றிவிடுவதும், உதிர்ந்த இலைகளை உடனே அகற்றிவிடுவதும் பூசணத்தைத் தடுக்கும்.

வேர் வந்ததா என்று தினம் பிடுங்கிப் பார்ப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை. நூலைப் போன்ற முதல் வேர்கள் சிறு அசைவிலும் அறுந்துவிடும். செம்பருத்தி போன்றவற்றுக்கு மூன்று நான்கு வாரங்களும், மல்லிகைக்கு ஐந்தாறு வாரங்களும், கட்டைக் குச்சிகளுக்கு அதற்கு மேலும் பிடிக்கும் என்று எண்ணிப் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் குச்சியை இரு விரலால் பிடித்து மிக மெதுவாக மேல்நோக்கி இழுத்துப் பார்க்கலாம். மணல் பிடித்துக்கொண்டு விட மறுத்தால் வேர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அப்படியே அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, சமவெளிப் பகுதிகளில் ஆடி முதல் ஐப்பசி வரை காற்றில் ஈரம் இருப்பதால் அது நல்ல பருவம். பங்குனி முதல் வைகாசி வரையிலான கடும் கோடையில் குச்சி நடுவதைத் தவிர்க்கலாம். அடைமழை நாட்களில் தொட்டிகளைக் கூரையின் கீழ் வைத்துக்கொள்ள வேண்டும்.

செடிக்குச் செடி வேறுபாடு

*முருங்கை:* பல்லாண்டு முருங்கை வகைகளான மூலனூர், வலையப்பட்டி, யாழ்ப்பாண முருங்கைகள் போத்து மூலம் பெருக்கப்படுகின்றன. மணிக்கட்டுப் பருமனில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள போத்தை வெட்டி, வெட்டுவாய் உலர நிழலில் ஓரிரு நாட்கள் வைத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி குழியிலேயே நடலாம். குழியில் நீர் தேங்கினால் போத்து அழுகும்.

*ரோஜா:* எட்வர்டு ரோஜா குச்சியில் நன்றாக வரும். ஒட்டுக்கட்டி விற்கப்படும் கலப்பின ரோஜாக்களில் பல, குச்சியில் வேர்விட்டாலும் ஒட்டுச் செடியின் வீரியத்தைப் பெறுவதில்லை. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் கிளையில் குச்சி எடுத்தால், வருவது வேர்ச்செடியாகிய காட்டு ரோஜாவாக இருக்கும். ஒட்டுக்கு மேலுள்ள கிளையில்தான் எடுக்க வேண்டும்.

*திராட்சை:* கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் நன்கு முற்றிய கொடிகளை நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக்கி வேர்விடச் செய்யலாம்.

*கறிவேப்பிலை:* தண்டுக் குச்சியில் வேர் வருவது அரிது. பலர் இதில் தோற்றுத்தான் கைராசியைப் பழிக்கின்றனர். பழத்திலிருந்து எடுத்த புது விதையையோ, தாய் மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றையோ பயன்படுத்த வேண்டும்.

*கொய்யா, எலுமிச்சை:* குச்சியைவிடப் பதியமே நம்பகமானது. தாய்ச் செடியோடு ஒட்டியிருக்கும்போதே வேர் வருவதால் காய்ந்துவிடும் அச்சம் இல்லை. மா, சப்போட்டாவுக்கு ஒட்டுக்கட்டுதலே முறை.

*கள்ளி வகைகளும் ஈழத்தலரியும்:* பால் வடிந்து வெட்டுவாய் உலரும்வரை சில நாட்கள் நிழலில் வைத்துப் பின் நட வேண்டும். உடனே நட்டால் அழுகும். அரளி, கள்ளி ஆகியவற்றின் பால் நஞ்சு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

*துளசி, புதினா, மணி பிளாண்ட்:* தண்ணீரிலேயே வேர்விடும். மூன்று நாட்களுக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும். நீரில் வளர்ந்த வேர் மென்மையானது. விரற்கடை நீளம் வந்ததுமே மண்ணுக்கு மாற்றி, ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைக்க வேண்டும்.

பட்டுப்போன குச்சி சொல்லும் சேதி

பட்டுப்போன குச்சியைத் தூக்கி எறியுமுன் ஒரு முறை பிடுங்கிப் பார்ப்பது பயனுள்ளது. அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

அடிப்பகுதி கறுத்து, பட்டை வழுவழுப்பாக உரிந்து, நாற்றம் வீசினால் நீர் அதிகம் அல்லது மண்ணில் அழுகல் பூசணம். மணலைக் கூட்டி, நீரைக் குறைக்க வேண்டும்.

அடி பச்சையாக இருந்து நுனி காய்ந்திருந்தால் காற்றில் ஈரம் போதவில்லை. மூடாக்கும் நிழலும் தேவை.

அடி வெட்டு மட்டும் கருகி, மற்றப் பகுதி நன்றாக இருந்தால் ஊக்கியின் அளவு மிகுந்திருக்கலாம்.

வெட்டுவாயில் வெண்மையாகக் கட்டி போல் திசு பெருகி, வேர் இல்லாமல் இருந்தால் குச்சி இறக்கவில்லை. அது காயம் ஆறிய அடையாளம். திரும்ப நட்டுப் பொறுத்திருக்கலாம்.

துளிர் விட்டு வாடியிருந்தால் காரணம் முன்பே கூறப்பட்டது. வேருக்கு முன் வெயில் கண்ட குச்சி அது.

தனிக்குடித்தனம்

வேர்விட்ட குச்சியை மூடாக்கிலிருந்து ஒரே நாளில் வெளியே எடுக்கக்கூடாது. முதல் இரண்டு நாட்கள் காலையில் ஒரு மணி நேரம், பின்னர் அரை நாள் என்று படிப்படியாகத் திறந்துவைத்து, ஒரு வாரத்துக்குப் பின் மூடாக்கை முழுமையாக நீக்கலாம். அதன்பிறகே செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவில் கலந்த சிறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது வேரைச் சுற்றியுள்ள மணலோடு சேர்த்து எடுப்பது நல்லது. புதிய இலைகள் நான்கைந்து விரிந்து பச்சை பிடித்த பின் காலை வெயிலில் வைக்கலாம். தோட்டத்தில் நடுவதற்கு மேலும் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

எந்த முறையிலும் எல்லாக் குச்சிகளும் பிழைப்பதில்லை. ஒரு செடி வேண்டுமெனில் ஐந்து குச்சிகளாவது நட வேண்டும். பிழைத்தவற்றில் ஒன்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை உற்றாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பது பழைய வழக்கம். அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. நம் வீட்டுச் செடி ஒரு கோடையில் பட்டுப்போனாலும், அதே செடி நான்கு தெரு தள்ளி இன்னொரு முற்றத்தில் பூத்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஒரு குச்சியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.